பாலவாடி முட்டையும் பல்லாஸ்பத்திரி நாற்காலியும்: ஒரு அம்மாவோட ரிவ்யூ

மிக்ஸிக்கு ரிவ்யூ போடுறோம், பிரியாணிக் கடைக்குப் போடுறோம், கானாடுகாத்தான்ல பழைய வீட்ட ஓட்டலாக்கி வச்சிருக்காங்களே அதுல ஒரு ராத்திரி தங்கிட்டு வர்றவங்க ஆத்தங்குடிக் கல்லப் பத்தியே நாலு பக்கம் எழுதுறாங்க. ஆனா நம்ம புள்ளைகள தினமும் காலைல கொண்டுபோய் விடுற பாலவாடிக்கும், பல்லு வலின்னா காசில்லாம பாக்குற கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கும் ஒருத்தரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்ல. இலவசம்னா நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்லக்கூடாதா என்ன. அதான் நானே எழுதுறேன்.

மொதல்ல என்னப் பத்தி. காரைக்குடிக்குப் பக்கத்துல பள்ளத்தூர், அங்கன ஒரு சின்ன ஊரு. நாலு வயசுல ஒரு பொண்ணு, வயித்துல இப்ப ஆறு மாசம். வேலை பலகாரம் போடுற எடத்துல, தேன்குழல் சீப்புச்சீடை மகிழம்பூ முறுக்கு எல்லாம் டப்பால அடைச்சு லேபிள் ஒட்டி வெளியூருக்கு அனுப்புவோம். மொத்தம் பதினோரு பேரு, எல்லாம் பொம்பளைங்க. இத ஏன் சொல்றேன்னா பல்லுக்கும் நான் பாக்குற வேலைக்கும் சம்பந்தம் இருக்கு, பின்னாடி வரும். ஆஸ்பத்திரி பேரு, பாலவாடி எந்த ஊரு இதெல்லாம் போட மாட்டேன், அங்க வேலை பாக்குறவங்க பாவம், குறை சொல்ல வேண்டியது அவங்கள இல்ல.

பாலவாடி. போர்டுல அங்கன்வாடின்னுதான் இருக்கும், எங்க பக்கம் யாரும் அப்படிச் சொல்றதில்ல. 1975 அக்டோபர் 2 அன்னைக்கு ஆரம்பிச்ச திட்டமாம், எங்கம்மாவே பாலவாடில படிச்ச ஆளுதான். வீட்ல கேட்டா "அங்க என்ன சொல்லிக் குடுப்பாக, சோறு போடுவாக தூங்க வைப்பாக"ன்னு சொல்லுவாங்க, எங்க வீட்டுக்காரரே அப்படித்தான் சொன்னாரு, காரைக்குடில ஏதாவது இங்கிலீஷ் பேர் வச்ச ப்ளே ஸ்கூல்ல சேப்போம்னு ஒரே பிடிவாதம், பீஸ் கேட்டுட்டு வந்தப்புறம் அவரே அடங்கிட்டாரு.

நான் சொல்றேன், சோறு போடுறதே பெரிய விசயம்தாங்க. மதியம் சுடச்சுட சாப்பாடு, ரெண்டு வயசுக்கு மேல உள்ள புள்ளைகளுக்கு வாரத்துல மூணு நாள் முட்டை. வீட்ல நான் முட்டைய நீட்டுனா மூஞ்சியத் திருப்புற புள்ள, அங்க பத்துப் புள்ளையோட வரிசைல ஒக்காந்து மஞ்சக்கரு வரைக்கும் திங்குது. பாட்டு, கதை, மணி கோக்குறது, களிமண்ணு, அதெல்லாம் எங்க டீச்சர் நல்லாவே செய்றாங்க. இது போக ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள புள்ளைகளுக்கும், புள்ளத்தாச்சிக்கும், பால் குடுக்குற தாய்க்கும் சத்துமாவு. கோதுமை, மக்காச்சோளம், மொளகட்டுன கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் சேந்த மாவு. அத உருண்டையா பிடிச்சுத் தின்னா எங்க கடை மாவுருண்டைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல, நெய்தான் இல்ல.

குறை என்னன்னா டீச்சர் கையில பாதி நேரம் போனுதான் இருக்கு. அவங்க தப்பில்ல. எடை, உயரம், வருகை, சாப்பாடு எல்லாத்தையும் போஷன் ட்ராக்கர்னு ஒரு ஆப்ல ஏத்தணும், மாவு வாங்கப் போனா நம்ம மூஞ்சிய வேற போட்டோ பிடிச்சு மேட்ச் ஆகணும். எனக்கு மாசமா இருந்து மூஞ்சி ஊதிப் போச்சோ என்னமோ தெரியல, மூணு தடவை பிடிச்சும் ஏத்துக்கல, நாலாவது தடவை வெளிய வேப்பமரத்தடில நிக்க வச்சுப் பிடிச்சாங்க, அப்பத்தான் சிக்னலும் வந்துச்சு. அதுக்குள்ள உள்ள ரெண்டு புள்ளைங்க ஒண்ண ஒண்ணு கடிச்சு வச்சிருச்சு. மழை பேஞ்சா மேற்கு மூலைல ஒழுகும். பாத்ரூம்ல தண்ணி ஒருநாள் வரும் ஒருநாள் வராது, அன்னைக்கெல்லாம் ஆயாம்மாதான் கொடத்துல தூக்கிட்டு வருவாங்க.

அந்த ஆயாம்மாவப் பத்தித்தான் சொல்லணும். ஒருநாள் சாயங்காலம் பாப்பாவக் கூப்பிடப் போறேன், கைய தொடச்சுக்கிட்டே வந்து "ஏத்தா, ஒம் புள்ள ஒரு வாரமா முட்டைய எடதுபக்கமே போட்டு அதக்குது, வலதுபக்கம் கடிக்கவே மாட்டேங்குது, என்னன்னு பாரு"ன்னாங்க. நான் பெத்த தாயி, எனக்குத் தெரியல. வீட்டுக்கு வந்து லைட்டுக்குக் கீழ வாயத் தெறக்க வச்சுப் பார்த்தா கீழ் வலது கடவாய்ல பழுப்பா ஒரு குழி, அதுல மதியம் தின்ன சோறு. மேல முன்பல்லுல வேற ஈறோரமா கருப்பு கருப்பா கோடு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

மாமியா சொன்னாங்க "பால்பல்லுதானே, விழுந்தா மொளைக்கும், இதுக்குப் போயி". பலகாரக் கடைல மதினிங்க எல்லாரும் அதே பாட்டு. கிராம்பு வைய்யி, உப்புத்தண்ணி கொப்பளி. நானும் பத்து நாள் ஓட்டுனேன், அதுதான் தப்பு. பால்பல்லு மொத்தம் 20, அதுல கடவாப் பல்லு பத்து பன்னெண்டு வயசு வரைக்கும் வாயில இருக்க வேண்டியது, நாலு வயசுல சொத்தையானா இன்னும் ஆறேழு வருசம் அந்தப் பல்லு வச்சுத்தான் புள்ள சாப்பிடணும், சீக்கிரமே பிடுங்கிட்டா பக்கத்துப் பல்லு சாஞ்சு வந்து எடத்தப் பிடிச்சுக்கும், அப்புறம் கீழ இருந்து வர்ற பல்லு கோணலா வரும். இதெல்லாம் எனக்கு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

சரி ஆஸ்பத்திரிக்கு வர்றேன். எங்க ஏரியால சின்ன ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாத்துலயும் பல் டாக்டர் இல்ல, பக்கத்துல உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்ல, ஓபி சீட்டுக்குக் காசு இல்ல, அதனால செலவுன்னு பார்த்தா அன்னைக்கு விட்ட அரை நாள் சம்பளமும் பாப்பாவ சமாதானம் பண்ண வாங்குன பலூனும்தான். வெள்ளனமே போயிடுங்க. ஏழரைக்கு சீட்டு குடுக்க ஆரம்பிச்சுடுவாங்க, ஒம்போது மணிக்கு நான் போனப்ப பல்லுக்கு மட்டும் முப்பது பேருக்கு மேல ஒக்காந்திருந்தாங்க, பாதிப் பேரு வெத்தல பாக்கு போட்டு போட்டு பல்லு ஆடுற தாத்தாமாரு. புள்ளைய வச்சிருக்கவங்களுக்குன்னு தனி வரிசை இல்ல, நின்னா எடம் விடுவாங்க, அது நம்ம சனத்தோட நல்ல மனசு, ஆஸ்பத்திரி ஏற்பாடு இல்ல. வெளிய பெஞ்சு ரெண்டே ரெண்டு. கக்கூஸ் பூட்டிக் கெடந்துச்சு, சாவி யாருகிட்டன்னு கேட்டா ஒருத்தர் இன்னொருத்தரக் கைய காட்டுறாங்க, ஆறு மாசக்காரிக்கு அது எவ்ளோ பெரிய பிரச்சினைன்னு ஆம்பளைங்க யாருக்கும் தோணாது போல.

உள்ள போனா ஒரே ஒரு நாற்காலி. பச்சை ரெக்சின், கைப்பிடில பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. டாக்டரம்மா சின்ன வயசு. பாப்பா அந்த லைட்டப் பார்த்ததுமே என் கழுத்தக் கட்டிக்கிட்டு வீல்னு கத்திருச்சு. நான் நெனச்சேன் திட்டப் போறாங்க, வெளிய கூட்டம் வேற. அவங்க ஒண்ணுமே சொல்லல, என்ன நாற்காலில ஒக்காரச் சொல்லி பாப்பாவ என் மேல சாய்ச்சுக்கச் சொன்னாங்க, குச்சி வச்ச குட்டிக் கண்ணாடிய பாப்பா கையிலயே குடுத்து "அம்மா பல்ல எண்ணு"ன்னாங்க. அது ஒண்ணு ரெண்டு மூணு ஏழுன்னு எண்ணுது. என் வாய எண்ணி முடிச்சதும் "இப்ப ஒன்னோடத நான் எண்ணுறேன்"னாங்க, அவ்வளவுதான், தெறந்துருச்சு. எனக்கு அந்த ரெண்டு நிமிசத்துக்கே அஞ்சுக்கு அஞ்சு குடுக்கலாம்னு தோணுச்சு.

முன்பல்லுல இருந்த கருப்பு சொத்தையே இல்லையாம்! சத்துக்கு குடுக்குற இரும்பு டானிக் இருக்குல்ல, நர்ஸம்மா குடுப்பாங்களே சொட்டு மருந்து மாதிரி, அதோட கறை. சுத்தம் பண்ணி விட்டாங்க, போயிருச்சு. டானிக்க நிறுத்திறாதீங்க, நாக்குக்கு உள்பக்கமா ஊத்திட்டு உடனே தண்ணி குடிக்க வைங்கன்னு சொன்னாங்க. இதக் கேட்டதும் எனக்கு பகீர்னுச்சு, ஏன்னா எங்க தெருவுலயே ஒருத்தி பல்லு கருப்பாவுதுன்னு புள்ளைக்கு அந்த மருந்தையே நிறுத்திட்டா.

கடவாய்ல சொத்தை ஒண்ணில்ல, ரெண்டாம். அதுல ஒண்ணு மேலோட்டமான குழி. மிஷின் வச்சுக் குடையவே இல்ல, கரண்டி மாதிரி சின்னதா ஒரு கருவி, அதால மெத்துன்னு இருந்த சொத்தைய மட்டும் சொரண்டி எடுத்துட்டு, பவுடரையும் தண்ணியா ஒண்ணையும் குழைச்சு வெள்ளையா சிமெண்டு மாதிரி வச்சு அடைச்சாங்க. அரை மணி நேரம் எதுவும் திங்கக் குடுக்காதீங்கன்னாங்க. ஊசி இல்ல, கத்தல் இல்ல, பைசா இல்ல. இதே வேலைக்கு வெளிய தனியார்ல என் தங்கச்சி ஒரு பல்லுக்கு ஆயிரத்துக்கு மேல குடுத்துட்டு வந்தா.

இன்னொரு பல்லுதான் சிக்கல். சொத்தை வேர் வரைக்கும் போயிருக்கும் போல, எக்ஸ்ரே எடுக்கணும்னாங்க. எக்ஸ்ரே மிஷின் ரிப்பேர். எப்ப சரியாகும்னு கேட்டேன், "எழுதிப் போட்ருக்கோம்மா"ன்னாங்க. அந்த முகத்தப் பார்த்தா அதுக்கு மேல கேக்க மனசு வரல. பால்பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணுற சாமானும் அங்க இல்லையாம், பிடுங்கறது ஈசி ஆனா பிடுங்க வேணாம், புதுக்கோட்டைல அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023ல தெறந்திருக்காங்கள்ல அங்க போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. போய்ட்டு வந்தோம். காரைக்குடில ஏறி திருமயம் வழியா, இது டவுன் பஸ் இல்ல, டிக்கெட் உண்டு, ஒரு நாள் முழுசா போயிரும். மொத சிட்டிங் முடிஞ்சுது, மறுபடி வரச் சொல்லிருக்காங்க. பாப்பா இப்ப ரெண்டு பக்கமும் மெல்லுது.

டாக்டரம்மா கேட்ட ஒரு கேள்விக்குத்தான் என்னால தலைய நிமித்த முடியல. "ராத்திரி புட்டிப்பால் எது வரைக்கும் குடுத்தீங்க?" மூணு வயசு வரைக்கும். சீனி போட்டு. வேலைக்குப் போய்ட்டு வந்து ராத்திரி புள்ள அழுதா புட்டிய வாயில வச்சாதான் நானும் தூங்க முடியும், அதுதான் உண்மை. தூங்குறப்ப எச்சில் ஊறுறது கொறைஞ்சிரும், இனிப்பு பல்லுலயே தங்கி விடிய விடிய அரிக்குமாம். அப்புறம் எங்க வீட்டுப் பலகாரம். கும்மாயம், கவுனரிசி, ரெண்டும் வெல்லமும் சீனியுமா பல்லுல அப்பிக்கும், அப்பத்தா பேத்திக்கு ஆசை ஆசையா ஊட்டும். வேலை எடத்துல ஒடஞ்ச சீப்புச்சீடைய ஒரு கவர்ல போட்டுக் குடுப்பாங்க, அதத்தான் நாள் பூரா கொறிக்கும். இனிப்பே கூடாதுன்னு டாக்டர் சொல்லல, எத்தனை தடவைங்கறதுதான் கணக்கு, சாப்பாட்டோட சேத்து ஒரேடியா குடுத்துட்டு தண்ணி குடிக்க வைங்க, ஒண்ணொண்ணா நாள் பூரா குடுக்காதீங்கன்னாங்க. சத்துமாவுல வெல்லம் இருக்கேன்னு கேட்டேன், அத நிறுத்துனா அடிப்பேன்னாங்க, சிரிச்சுக்கிட்டேதான்.

ரோஸ் கலர் பல்பொடி வேணாம், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டு, மூணு வயசுக்குள்ளன்னா அரிசி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு, டிவி விளம்பரத்துல காட்டுற மாதிரி நீட்டா இழுக்கக் கூடாது. துப்புனா போதும், தண்ணி ஊத்தி ஊத்திக் கொப்பளிக்க வேணாம். ஏழு வயசு வரைக்கும் நாமதான் தேச்சு விடணும். ஆறு வயசுல கடைசிப் பல்லுக்குப் பின்னாடி ஒரு பல்லு மொளைக்கும், எந்தப் பல்லும் விழாமலே வர்றதால எல்லாரும் பால்பல்லுன்னு நெனச்சு விட்டுருவாங்க, அது சாகுற வரைக்கும் வர வேண்டிய பல்லு.

இப்ப என் கதை. பாப்பாவ எண்ணச் சொல்லி நான் வாயத் தெறந்தேன்ல, அப்பவே பார்த்துட்டாங்க. "ஈறுல ரத்தம் வருதா?" வருது, நாலு மாசத்துல இருந்து வருது, பிரஷ் வச்சாலே வரும், அதனால ஒரு மாசமா வெரல்லதான் தேக்கிறேன். கடைல பெரியவங்க எல்லாம் சொல்லிட்டாங்க, புள்ளத்தாச்சி பல்லுல கையே வைக்கக் கூடாது, ஒரு புள்ளைக்கு ஒரு பல்லு போகத்தான் செய்யும், வயித்துப் புள்ள நம்ம பல்லுல இருந்து சுண்ணாம்புச் சத்த உறிஞ்சிக்கும்னு. அப்படியெல்லாம் பல்லுல இருந்து எடுக்காதுன்னாங்க டாக்டரம்மா. மாசமா இருக்கப்ப ஹார்மோன் மாறுறதுல ஈறு வீங்கி சும்மா தொட்டாலே ரத்தம் வரும், அதுக்குப் பயந்து தேக்காம விட்டா அழுக்கு சேந்து இன்னும் மோசமாகும். நாலுல இருந்து ஆறு மாசம் வரைக்கும்தான் பல்லு வேலைக்கு நல்ல நேரம்னு சொல்லி எனக்கும் அன்னைக்கே கிளீன் பண்ணி விட்டாங்க. வாந்தி எடுத்ததும் உடனே பல்லு தேக்காதீங்க, தண்ணில கொப்பளிச்சுட்டு அரை மணி கழிச்சுத் தேங்கன்னாங்க. நான் மூணு மாசம் நேர்மாறாத்தான் பண்ணிட்டிருந்தேன்.

இதுலதான் எனக்குக் கோவம். மாசாமாசம் செக்கப்புக்குப் போறேன். ரத்தம் எடுக்குறாங்க, எடை பாக்குறாங்க, பிரஷர் பாக்குறாங்க, ஸ்கேன் தேதி சொல்றாங்க. முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருக்க பிரசவ உதவித் திட்டத்துக்கு எல்லாம் பதிஞ்சாச்சு, பணமும் ரெண்டு பெட்டகமும் சேத்து 18,000 கணக்கு, பெட்டகத்துல நெய்யும் பேரீச்சம்பழமும் வந்துச்சு, குறையே சொல்ல மாட்டேன். அந்தம்மா பொறந்ததும் புதுக்கோட்டைதான்னு பஸ்ல போறப்ப எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவருக்குத் தெரியல. ஆனா இத்தனை மாசத்துல ஒருத்தர் "வாயத் தெற"ன்னு சொல்லலைங்க. பல் டாக்டர் இருக்கது அதே காம்பவுண்டுல, பிரசவ வார்டுல இருந்து நடந்தா ரெண்டு நிமிசம்.

பாலவாடிலயும் அதே கதை. 2013ல வந்த ஒரு திட்டத்துல டாக்டர் வேன்ல பாலவாடிக்கே வருசத்துக்கு ரெண்டு தடவை வந்து புள்ளைகளப் பாக்கணும், அவங்க பாக்க வேண்டிய நோய் பட்டியல்ல பல்சொத்தையும் இருக்கு. வர்றாங்க, பொய் சொல்லக்கூடாது. ஆனா போன தடவை வந்த அன்னைக்கு நாங்க எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தோம், தேதி யாருக்கும் முன்னாடி தெரியல, டீச்சருக்கே மொத நாள் சாயங்காலம்தான் போன் வந்துச்சாம். விட்டா விட்டதுதான், அடுத்து ஆறு மாசம். பாலவாடில எடை போடத் தெரியுது, சுகாதார நிலையத்துல ரத்தம் பாக்கத் தெரியுது, பல்லு டாக்டருக்கு வேலை தெரியுது, ஆனா ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு புள்ளைய அனுப்பத்தான் ஆள் இல்ல, எங்களுக்கு அனுப்பி வச்சது கொடத்துல தண்ணி தூக்குற ஆயாம்மா.

இன்னொண்ணு, நேரம். பாலவாடி மூணரை போல முடிஞ்சிரும், எனக்கு வேலை அஞ்சரைக்கு. நடுவுல ரெண்டு மணி நேரம் மாமியா இருக்கறதால ஓடுது. அடுத்த புள்ளைக்கு ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் பாலவாடில விடவும் முடியாது. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடம்னா தொட்டில் ரூம் வைக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவை தாய் போய்ப் பாத்துட்டு வரலாம்னு 2017ல சட்டம் போட்டாங்க. நாங்க பதினோரு பேரு. முதலாளியம்மா நல்லவங்க, பட்டாலைக் கூடத்துல ஒரு சேலைத் தொட்டி கட்டிக்கன்னு சொல்லிருக்காங்க, ஆனா பக்கத்துலதான் எண்ணெய்ச் சட்டி கொதிக்கும்.

மார்க்கு: பாலவாடிக்கு அஞ்சுக்கு நாலு, அதுல ஒண்ணு முழுக்க ஆயாம்மாவுக்கு. பல் டாக்டரம்மாவுக்கு அஞ்சு. ஆஸ்பத்திரிக்கு ரெண்டரை, கக்கூஸ் சாவி கெடச்சா மூணு.

போறவங்களுக்கு: ஆதார், புள்ள நோட்டு, புள்ளத்தாச்சின்னா கர்ப்பகால அட்டை எல்லாம் எடுத்துட்டுப் போங்க, அட்டைய மொதல்லயே காட்டுங்க, எந்த மருந்து குடுக்கலாம்னு அதப் பார்த்துத்தான் எழுதுவாங்க. பாப்பாவ சாப்பிட வச்சே கூட்டிட்டுப் போங்க, பசில இருந்தா கண்ணாடியக் குடுத்தாலும் எண்ணாது. "ஊசி போட்ருவாங்க"ன்னு வீட்ல பயமுறுத்தி வைக்காதீங்க. கரண்டு போச்சுன்னா காத்திருக்கணும், தண்ணி பாட்டில் கையோட. மொத பல்லு மொளைச்சதுமே, ஒரு வயசுக்குள்ள ஒரு தடவை காட்டிருங்க, வலி வந்தாத்தான் போகணும்னு இல்ல.

மாமியா போன வாரம் அவங்களாவே கேட்டாங்க, "அந்த டாக்டரம்மா எனக்கும் பாப்பாகளா"ன்னு. வர்ற செவ்வாய்க்கிழமை கூட்டிட்டுப் போறேன். எக்ஸ்ரே மிஷின் இன்னும் ரெடியாகல, நேத்து போன் பண்ணிக் கேட்டேன்.